அக்கி, அம்மை, ஊசி: நம்ம கோயில் அடுப்படியில் நடந்தது

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கமா நாங்க இங்க போடுறது பூசை நேரம், உபயக்காரர் பெயர், ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்க ஆள் தேவை, இவ்வளவுதான். போன வாரம் அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துல நாங்க பேசிக்கிட்டிருந்ததைக் கேட்ட சிலர், "இதை எழுதிப் போடுங்க, எங்க வீட்டுப் பெரியவங்களும் படிக்கட்டும்"னு சொன்னாங்க. அதனால் எழுதுகிறோம். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

2024 ஆடி மாதம். கூழ் ஊற்றும் வாரம். அடுப்படியில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஓர் அக்கா. வயது அப்போது 67. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் "நடந்ததை எழுதுங்க"ன்னும் சொன்னார். வாழைக்காய் சீவுவதில் அவருக்கு நிகர் யாரும் கிடையாது, அதனால் இங்கே வாழைக்காய் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். புதன்கிழமை வாக்கில் இடது விலாப்பக்கம் சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றார். பெரிய அண்டாவை இறக்கும்போது பிடித்திருக்கும், வாயுப் பிடிப்பு என்று நாங்களே முடிவு செய்து தைலம் தேய்த்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாக வரிசை கட்டி வந்தது. முதுகில் தொடங்கி விலா வழியாக மார்புக்குக் கீழே வரை, ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டை போல.

பார்த்தவுடன் எங்களில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம், "அட, இது அக்கி!"

சொன்னது சரிதான். கோளாறு அதற்குப் பிறகு நாங்கள் செய்ததில்தான். அடுப்பு முன்னாடியே நின்ற சூடு, அதான் அக்கி கிளம்பிடுச்சு என்றோம். எங்களில் ஒருவருடைய பாட்டி ஊரில் அக்கி எழுதுகிறவர். அந்தக் கை இவருக்கும் வரும். தேக்காவில் போய்க் காவிக்கல் வாங்கி வந்து, இழைத்து, கொப்புளத்தைச் சுற்றி எழுதினோம். தலைமாட்டில் சிங்கமும் வரைந்தோம். எண்ணெய் கூடாது, கவிச்சி கூடாது, மூன்று நாள் எழுத வேண்டும் என்று கணக்குச் சொன்னோம். அக்கா வீட்டுப் பிள்ளைகள் "டாக்டர்கிட்ட போகலாமே"ன்னு கேட்டபோது, "அம்மா விளையாடுற நேரத்துல ஊசி மருந்துன்னு போகக்கூடாது"ன்னு சொன்னதும் நாங்கள்தான். ஒருத்தர் மேல் பழி போட்டு எழுத முடியும், ஆனால் அந்த இடத்தில் நின்ற எல்லாரும் தலையாட்டினோம்.

கொப்புளம் வந்த ஆறாம் நாள் வலி தாங்காமல் மகன் டாக்சி பிடித்துப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண் மருத்துவர் திட்டவில்லை. காவியைப் பார்த்துவிட்டு, "எங்க பாட்டியும் ஏதோ பூசுவாங்க"ன்னு மட்டும் சொன்னாராம், சீனப் பெண்மணி. பிறகு விளக்கினார். சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை வந்து போகிறது இல்லையா, அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்ளும். முப்பது, நாற்பது, ஐம்பது வருடம் கூடத் தூங்கும். வயசாகி உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்து, ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியிலேயே வெளியே வரும். அதனால்தான் ஒரு பக்கம், ஒரு பட்டை. அடுப்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கு மாத்திரை உண்டு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். இப்போதும் தருகிறேன், ஆனால் தாமதமாகிவிட்டது என்றார்.

அந்த 72 மணி நேரத்தில் நாங்கள் சிங்கம் வரைந்துகொண்டிருந்தோம்.

கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தது. வலி போகவில்லை. நரம்பு வலி. அக்கா சொல்வார், "மேல துணி பட்டா நெருப்பு, ஃபேன் காத்து பட்டா ஊசி." ரவிக்கை போட முடியாமல் மகனுடைய பழைய பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். நவராத்திரிக்கு வரவில்லை. தீமிதிக்கு வரவில்லை. 2025 தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க இருபத்தொரு வருடமாகத் தவறாதவர், அந்த வருடம் வீட்டு வாசலிலேயே ஒரு சொம்புப் பாலை வைத்துக் கும்பிட்டதாகச் சொன்னார். பங்குனி பாதியில்தான் வலி அடங்கியது. ஏழு மாதத்துக்கு மேல். நாங்கள் போய்ப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குக் கோப்பி போட எழுந்திருப்பார், அது இன்னும் கஷ்டமாக இருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொன்று. அக்காவுக்கு உடை மாற்றிவிட்டு, பனியனைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் குழுவில் இருக்கும் இளம் பெண் ஒருவர். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராத, ஊசியும் போடாத ஒருவருக்குச் சின்னம்மை வரும். கர்ப்பிணிக்கு வந்தால் தாயின் நுரையீரல் வரைக்கும் போகலாம், கருவையும் பாதிக்கலாம். இது எங்களுக்குத் தெரியாது. மருத்துவர் "வீட்டுல கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டபோதுதான் அக்காவின் மகனுக்குத் தூக்கி வாரிப் போட்டது.

அந்தப் பெண் ஊர் அம்மாவுக்கு போன் போட்டார். "உனக்கு வந்ததா ஞாபகம் இல்லையேம்மா, உன் தம்பிக்குத்தான் வந்துச்சு"ன்னு பதில். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை சின்ன வயதில் எல்லாருக்கும் வந்துவிடும் என்று சொல்ல முடியாதாம், பெரியவர்களாகி வாங்கிக்கொள்கிறவர்கள் நிறைய. சின்னம்மை ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க் கிருமி, கர்ப்பிணிக்குப் போட முடியாது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எங்கள் வாட்சாப் குழுவில் ஒருவரும் குட்மார்னிங் படம் போடவில்லை. அன்று மாலை பூசையில் அம்மன் முகத்தை நேராகப் பார்க்கக்கூட எங்களில் சிலருக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் செய்தி வந்தது, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, எப்போதோ தெரியாமல் லேசாக வந்து போயிருக்கும் என்று. அன்றைக்கு அடுப்படியில் கேசரி கிண்டினோம். முந்திரி போட மறந்துட்டோம், அதையும் யாரும் கேட்கல.

இப்போது ஊசி அட்டவணைக்கு வருகிறோம். நாங்கள் மருத்துவர்கள் இல்லை, தொண்டூழியர்கள். ஆனால் இந்த ஒரு வருடத்தில் இதைப் பற்றி நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு ஒரு தேசிய தடுப்பூசி அட்டவணை இருப்பது எல்லாருக்கும் தெரியும். பிறந்தவுடன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை பி வகைக்கும், இரண்டாம் மாதத்தில் ஒரே ஊசியில் ஆறு நோய்க்கு, அப்படியே போகும். தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சட்டப்படியே போட்டாக வேண்டும். பெரியவர்களுக்கும் அப்படி ஓர் அட்டவணை இருப்பது பலருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அது 2017-ல்தான் வந்தது. சளிக்காய்ச்சல், நிமோனியா இவற்றுக்கான ஊசி, கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் இருமலுக்கான ஊசி, எல்லாம் அதில் உண்டு.

2020 நவம்பர் 1-ல் பிள்ளைகள் அட்டவணையில் சின்னம்மையைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் அது விருப்பப்பட்டவர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி. இப்போது 12 மாதத்தில் ஒன்று, அதன் பிறகு 15 மாத வாக்கில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவோடு சேர்த்து ஒன்று. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்திலும் சாஸ் கிளினிக்கிலும் முழு மானியம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் ஊசியும் அப்போதுதான் சேர்ந்தது. அந்த வருடம் நமக்கெல்லாம் கோவிட் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. அதனால் இந்த மாற்றம் சத்தமில்லாமல் போய்விட்டது.

2025 செப்டம்பர் 1-ல் பெரியவர்கள் அட்டவணையில் அக்கிக்கான ஊசியைச் சேர்த்தார்கள். ஷிங்ரிக்ஸ் என்று பெயர். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நோயாலோ மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்துபோன 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும். இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். இதில் உயிர்க் கிருமி கிடையாது. ஆய்வுகளில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அக்கியைத் தடுத்திருக்கிறது. ஏற்கெனவே அக்கி வந்து போனவர்களும் போட்டுக்கொள்ளலாம், திரும்ப வரக்கூடிய நோய்தான் இது.

இது முன்னாலேயே இருந்த ஊசிதான். வாழைக்காய் அக்காவிடம் ஒரு தனியார் கிளினிக் மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். இரண்டு ஊசிக்கும் பல நூறு வெள்ளி. அக்கா கணக்குப் போட்டிருக்கிறார், "அந்தக் காசுக்கு ஒரு நாள் அன்னதானம் எடுத்துடலாமே"ன்னு. எடுத்தும் இருக்கிறார். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் நாங்களும்தான். அட்டவணையில் ஒரு வரி சேர்வது காகித வேலை என்று தோன்றும். அக்காவைப் போன்றவர்களுக்கு அந்த வரி சேர்ந்தால்தான் மானியம், மெடிசேவ் எல்லாம் கைக்கு வரும். எல்லாருக்கும் ஒரே தொகை இல்லை. முன்னோடித் தலைமுறையா, மெர்டேக்கா தலைமுறையா, சாஸ் அட்டை என்ன நிறம் என்பதைப் பொறுத்து மாறும், முழு இலவசமும் இல்லை. உங்கள் தொகை எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. நம் கோயிலில் வேலை அனுமதியில் வந்திருக்கும் குருக்கள், மேளக்காரர்கள், சமையல்காரர்களுக்கு இந்த மானியம் கிடையாது. அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதை நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருப்போம்.

அக்கா முதல் ஊசியை அக்டோபரில் போட்டுக்கொண்டார். எங்களில் இருவர் கூடப் போனோம். தாதி தமிழ்ப் பெண். "ரெண்டு நாள் கை வலிக்கும் ஆன்ட்டி, காய்ச்சல் மாதிரி இருக்கலாம், பயப்படாதீங்க"ன்னாங்க. அப்படியே இருந்தது, இரண்டாம் நாள் அக்கா படுத்தே கிடந்தார். ஏழு மாசம் கிடந்தவளுக்கு ரெண்டு நாள் என்ன கணக்கு என்று அவரே சொல்லிவிட்டார்.

இதை நாங்கள் அடுப்படியில் சொன்னபோது, 74 வயதான ஐயா ஒருவர், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்தார். "அம்மை அவ போடுற முத்து. அதுக்கு முன்கூட்டியே ஊசி போட்டுத் தடுக்கிறது அவளையே வாசல்ல நிறுத்துற மாதிரி இல்லையா?"

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. ஐயா அம்மன் மேல் உயிரை வைத்திருப்பவர். நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தபோது மாரியம்மனைக் கூடவே கொண்டு வந்ததற்கு அம்மை பயமும் ஒரு காரணம். 1827-ல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் முதல், ரப்பர்த் தோட்டத்து மரத்தடிக் கோயில்கள் வரை, நோய் கண்டவர்கள் போய் நின்ற இடம் அவள் சந்நிதி. மருந்து எட்டாத காலத்தில் வேப்பிலையும் மஞ்சளும் தனி அறையும் அமைதியும்தான் இருந்தன. தனி அறையில் வைத்ததே பெரிய காரியம், வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் காத்தது.

எங்களில் ஒருவர் ஐயாவின் இடது கையைத் தொட்டுக் காட்டினார். தோளுக்குக் கீழே வட்டமான பழைய தழும்பு. "இது என்ன ஐயா?" "இதுவா, பெரியம்மை ஊசி. சின்னப் பிள்ளையில கம்பத்துக்கு வந்து வரிசையா நிக்க வச்சுக் குத்தினாங்க." "பெரியம்மை இப்ப எங்க?" ஐயா பதில் சொல்லவில்லை. பெரியம்மை 1977-ல் சோமாலியாவில் கடைசியாக ஒருவருக்கு இயற்கையாகத் தொற்றியது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் நாம் ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றுகிறோம், கூட்டம் ஒரு வருடமும் குறையவில்லை. கொடுத்தவளே குளிர்விக்கவும் செய்கிறாள் என்றுதான் நாம் கும்பிடுகிறோம். குளிர்விக்கிற கை வேப்பிலையாகத்தான் வரணுமா, தாதி கையாக வரக்கூடாதா? எங்களுக்கு இப்படித்தான் தோன்றுகிறது. ஆகமம் படித்தவர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.

ஐயா கடைசியில், "நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன்"னு சொல்லி, மறுநாள் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. வெள்ளைக்கு என்ன நினைத்துக் கட்டினார் என்பதை இன்று வரை எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால் தேங்காயை வேகமாக உரிக்கிறார்.

அக்கி எழுதிய எங்கள் தோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொம்ப நாள் அவர் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. தன் கைதான் காரணம் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒரு நாள் அக்காவே போன் போட்டு, "நீ எழுதினப்ப குளுகுளுன்னுதான் இருந்துச்சு, நான்தான் டாக்டர்கிட்டயும் போயிருக்கணும்"ன்னார். இப்போது யாராவது அக்கி என்று அவரிடம் வந்தால், முதல் கேள்வி "எத்தனை நாளாச்சு?" என்பதுதான். இரண்டு நாள் என்றால் காவிக்கல்லைத் தொடவே மாட்டார், அவரே டாக்சி கூப்பிடுகிறார். போன மாதம் இப்படி ஒருவரை அனுப்பினார், அவருக்குக் கண் பக்கம் கொப்புளம். சரியான நேரத்தில் போனதால் பார்வைக்கு ஒன்றுமில்லை.

அந்த இளம் பெண்ணுக்கு 2024 டிசம்பரில் பெண் குழந்தை. முப்பதாம் நாள் பேரியாச்சி சந்நிதிக்குத் தூக்கி வந்தார்கள். குழந்தையை அம்மன் காலடியில் கிடத்தியபோது, கையில் பிறந்தவுடன் போட்ட காசநோய் ஊசி இடத்தில் சின்னதாகச் சிவந்து வீங்கியிருந்தது. யாரோ ஒரு பாட்டி, "இங்கயும் முத்திரை குத்திட்டாளா"ன்னு சிரித்தார். போன மாதம் ஒரு வயது முடிந்ததும் சின்னம்மை ஊசி போட்டாச்சு. ஊரைக் கூட்டும் அளவுக்கு அழுகை, அஞ்சு நிமிஷம். இப்படி ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் அக்கி வரும் வாய்ப்பும் குறைவு என்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வாழைக்காய் அக்கா வயது ஆகும்போது காவிக்கல் எதற்கு என்றே தெரியாமல் இருக்கலாம்.

இப்போது காரியத்துக்கு வருகிறோம். கடிதம், செயலி எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது, புரியவில்லை என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். அதனால் தை, மாசி ஞாயிறுகளில் அன்னதானம் முடிந்ததும், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். அடையாள அட்டை, சாஸ் அட்டை இருந்தால் அது, கைத்தொலைபேசி, இவ்வளவு போதும். ஹெல்த்ஹப்பில் உங்களுக்கு எந்த ஊசி போட்டாச்சு, எது பாக்கி என்று பார்த்துச் சொல்வோம், பதிவும் செய்து தருவோம். போடலாமா வேண்டாமா என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும். ஒவ்வாமை, புற்றுநோய் சிகிச்சை, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதெல்லாம் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஹெல்தியர் எஸ்ஜியில் பதிந்தவர்கள் சளிக்காய்ச்சல், நிமோனியா ஊசிகளைத் தாங்கள் பதிந்த கிளினிக்கிலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், பலர் இன்னும் கேட்கவே இல்லை.

வாழைக்காய் அக்காவுக்கு இரண்டாவது ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. அதனால் புதன், வியாழன் அடுப்படிக்கு வர மாட்டார். தைப்பூசத்துக்கு இந்த வருடம் பால்குடம் எடுக்கிறார், பெயர் கொடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை ராகுகால பூசைக்கு வாழைக்காய் சீவ இரண்டு பேர் குறைகிறது. காலை ஏழு மணிக்கு வரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள். கத்தி இங்கேயே இருக்கு, ஏப்ரன் மட்டும் கொண்டு வாங்க.